இரண்டு கண்ட்ரோல்

ஆய்வுக்காகத் தம் உடலிலிருந்து மாதிரி கொடுத்தவருக்கு ஆபத்து வரக்கூடும் என்று ஆய்வாளருக்குத் தெரியவந்தால், பெயருக்குப் பதிலாக மாதிரிக்கு இட்ட குறியீட்டெண்ணைப் பிரித்து, அவருக்கு மட்டும், தனியாக, தாமதமின்றிச் சொல்ல வேண்டும். கடலூரில் நான் நிர்வாக அலுவலராக இருந்த கல்லூரியின் நெறிமுறைக் குழு விதிகளில் இது இருக்கிறது. பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். கையெழுத்திட்டவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் ஒரு விடுதி அரங்கில் வட்டாரக் கருத்தரங்கு நடந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பார்த்து, வரப்போகும் நோயைக் கணிக்க முடியுமா என்பது பொருள். பை, பேனா, மதியச் சாப்பாடு என் பொறுப்பு. கணக்குப் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மாவும் வந்திருந்தார். ரசீது இல்லாமல் யாரையும் ஒரு டீ குடிக்க விடமாட்டார். எங்களுக்குள் தீராத சண்டை. என் கோப்புகளில் ‘விதி எண்?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்புவார். நான் எண்ணைப் போட்டு, ‘இனியாவது படிக்கவும்’ என்று எழுதி அனுப்புவேன்.

அந்த ஆய்வில் எங்களுக்கும் பங்கு உண்டு. நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் மாதிரியும் வேண்டும். அவர்களுக்கு ஆய்வகத்தில் ‘கண்ட்ரோல்’ என்று பெயர். மலத்தை டப்பாவில் போட்டுத் தர ஊரில் யார் முன்வருவார்கள்? ஆள் குறைந்தால் பக்கத்து அறைக்காரர்களைப் பிடிப்பது ஆய்வக வழக்கம். அலுவலகத்தில் பிடிபட்டவர்கள் நாங்கள் இருவர்தான். “எங்க வீட்டுக்காரரால முடியல சார். இவுங்க என்னைக் கண்ட்ரோல் ஆக்கிட்டாங்க” என்று அம்மா சிரித்தார்.

அரங்கின் திரையில் நோயாளிகள் சிவப்புப் புள்ளிகள், நாங்கள் பச்சை. சிவப்புக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு பச்சைப் புள்ளி மாட்டிக்கொண்டிருந்தது. ஆய்வு செய்த இளம் விரிவுரையாளர், “இது கம்ப்யூட்டரோட தப்பு. குடல் புற்றுநோய்னு காட்டுது, ஆளு எங்க ஆபீஸ்ல ஜம்முனு ஃபைல் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் மட்டும், “தப்புன்னு எப்புடிச் சொல்றீங்க? இன்னைக்கு இருக்கறதையா அது சொல்லுது? வரப்போறதத்தானே சொல்லுது?” என்று கேட்டார். சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் தலைவர் மணியடித்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களா, நானா?”

“அதுக்கு ஒரு விதி இருக்கு” என்றேன்.

“அத எடுத்து சாம்பாருல போடுங்க” என்றவர், மறுநாளே அந்த விதியைக் குறிப்பிட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்தார். பதில் இல்லை. குழுவின் பதவிக்காலம் முடிந்திருந்தது. புதுக் குழு அமைக்கும் கோப்பு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் வெளிநாடு போய்விட்டார்.

அம்மா விடுப்பு எடுத்துப் புதுச்சேரிக்குப் போய் வந்தார். அதன்பிறகு என் கோப்புகள் சிவப்பு மை படாமல் திரும்பின. மதியம் தன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய் கொத்சுவை என் மூடியில் வைத்து, “சாப்புடுங்கண்ணே” என்றார். அத்தனை வருடம் ‘சார்’ ஆக இருந்தவன் ஒரே வாரத்தில் ‘அண்ணே’ ஆகிவிட்டேன்.

“புதுச்சேரில என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“குழா விட்டுப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணுமில்லண்ணே” என்றார். அந்த ‘எனக்கு’ என்ற சொல்லை மெதுவாக, தலை குனிந்து சொன்னார். இரண்டில் ஒன்று கழிந்தால் மீதி என்ன என்று கணக்குப் பிரிவுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நானும் போய்ப் பார்த்தேன். எனக்கும் ஒன்றுமில்லை என்று அறிக்கையைக் காட்டியபோது, “சரிண்ணே, சரிண்ணே” என்று நோயாளியைத் தேற்றுவதுபோலத் தலையாட்டினார். முன்வரிசைக் கேள்வியை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இன்று சுத்தம் என்பது வரப்போவதற்குப் பதில் அல்ல. ஆனாலும் அவர் தன்னை விட்டுவிட்டு என்னை நினைத்தே பயந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். “வயிறு எப்புடிண்ணே இருக்கு? காரம் ஜாஸ்தி சேக்காதீங்க.” என் வயிற்றைப் பற்றி என் மனைவிகூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

ஒரு வாரம் போன் வரவில்லை. நான் கூப்பிட்டபோது அவருடைய கணவர் எடுத்தார். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தார். குடல்தான், பரவிவிட்டது. என்னைப் பார்த்ததும் உதடு கோணச் சிரித்தார்.

“அப்ப நான்தானா சார்?”

அண்ணன் மறுபடி சார் ஆகிவிட்டிருந்தான். சிவப்பு நடுவே புள்ளி விழாதவர்களுக்கும் நோய் வரும், ஆகவே அந்தப் பச்சைப் புள்ளி இன்னும் என்னுடையதாகவே இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஆறுதலா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. “குழு இன்னும் சொல்லலியேம்மா” என்றேன். “சொல்லுவாங்க, சொல்லுவாங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நானும் விண்ணப்பிக்கலாம். விதி எண் மனப்பாடம். இன்னும் எழுதவில்லை. சில இரவுகளில் வயிறு லேசாக முறுக்கும்போது, அந்தப் பச்சைப் புள்ளி இருட்டில் தெரிகிறது.

அம்மாவின் பழைய விண்ணப்பத்துக்குப் புதுக் குழு பதில் எழுதியது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாம். விண்ணப்பதாரர் அடையாள அட்டையுடன் நேரில் வந்து தம் குறியீட்டெண்ணையும் முடிவையும் தெரிந்துகொள்ளலாம். பிறருக்குத் தெரிவிக்க இயலாது. படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது கணவர் அதை என்னிடம் நீட்டினார். தபால்காரர் அப்போதுதான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்று அம்மாவின் பதினாறாம் நாள்.