நைஸ் அக்கா

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பகுதியில் அவளுக்கு வாய்த்த பெயர் ‘நைஸ் அக்கா’. அந்தப் பெயருக்குக் காரணம் மேனேஜர். காலர் மடங்காமல், கை சுருங்காமல் அவள் தேய்த்து அடுக்கிய சட்டைகளைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் ‘நைஸ்’ என்று ஒரு சொல்லை உதிர்ப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மாவு நைஸாக இருந்தால் நல்ல மாவு. துணி நைஸாக இருந்தால் உயர்ந்த துணி. ஆகவே தானும் உயர்ந்துவிட்டதாக எண்ணினாள். நைசாகக் காரியம் சாதிப்பது என்றும் தமிழில் ஒரு வழக்கு உண்டு. அதை மட்டும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் பதவி காலியானபோது, அது தனக்கே என்று இலவு காத்த கிளியாகக் காத்திருந்தாள். அதே பதவியின்மேல் அவளுடைய நாத்தனாருக்கும் ஒரு கண். அதே கூடத்தில் சரிபார்க்கும் மேசையில் வேலை செய்த நாத்தனார், கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள். மதிய உணவின்போது, எல்லாருக்கும் கேட்கும்படி வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாள்.

“அண்ணி, நைஸ்னா என்ன அர்த்தம்?”

“நல்லதுன்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?”

“இப்பதான் நல்லது. அந்த வார்த்தைக்குத் தாய்வீடு லத்தீன். அங்க ‘ஒண்ணும் தெரியாதவ’ன்னு அர்த்தம். பிரெஞ்சுக்குப் போய் ‘மக்கு’ ஆச்சு. அந்த மக்குதான் இங்கிலீஷுக்கு வந்துச்சு. நல்ல பேரு வாங்க அதுக்கு நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அப்ப நம்ம அக்காவும் நானூறு வருஷம் பொறுத்துக்கணும்!” என்றாள் பொத்தான் தைப்பவள். கூடமே சிரித்தது.

“இப்பவும் என்ன வாழுது? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னா, ஒப்புக்கு நைஸ்னு சொல்லிட்டுப் போவாங்க” என்றாள் நாத்தனார்.

“அவரு பாத்துட்டுத்தான் சொல்றாரு” என்றாள் அவள்.

“அப்படின்னா ஒரு சட்டையைக் கருக்கி மேலாப்ல வையுங்களேன். பாத்துடலாம்.”

ரோஷம் அறிவை மறைத்தது. சாப்பாடு முடிந்ததும் ஒரு வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் சூடான பெட்டியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டியின் முனை பழுப்பாகப் பதிந்தது. அதை அடுக்கின் உச்சியில் வைத்தாள். மேனேஜர் வந்தார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நைஸ்” என்றார், கடந்தார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் திரும்பினார். அவளுடைய வேலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“யாரு பண்ணினது இது?”

நாத்தனார் பரிவோடு முன்னே வந்தாள்.

“திட்டாதீங்க சார். எங்க அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. ரொம்ப நைஸ்.”

பதவி நாத்தனாருக்குப் போயிற்று. நைஸ் அக்கா இன்றும் அதே மேசையில் தேய்க்கிறாள். மாலைதோறும் நாத்தனார் அங்கே நின்று, ஒவ்வொரு சட்டையையும் விரித்து, காலரைத் தடவி, மடிப்பை அளந்து பார்த்துவிட்டுத்தான், “நைஸ், அண்ணி” என்கிறாள்.