மீசைக்காரர் காவலிருந்த வெள்ளரி

பிள்ளை உண்டானவள் ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால், பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும். இதை நான் சொல்லவில்லை, எங்கள் ஊரே சொன்னது. ஒன்பது வயதில் எனக்கு இதில் எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அதனால்தான் ஒரு கார்த்திகை மாதக் காலையில், எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த அத்தை வெள்ளரிப்பிஞ்சு வேண்டும் என்று சொன்னதும், இன்னும் பிறக்காத அந்தக் குழந்தையின் இரண்டு காதுகளும் என் கண் முன்னால் வந்து நின்றன.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. திருச்செங்கோட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் நாலாம் மாதம் தாண்டவில்லை. மூன்றாம் தடவை தகவல் வந்ததுமே அப்பா வண்டியில் வைக்கோலை மெத்தை போலப் பரப்பி, மாட்டை நடக்க விட்டே ராசிபுரத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். இதெல்லாம் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்ட சங்கதி. என் தலையைக் கண்டால் பேச்சு நெல் விலைக்குத் தாவிவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்பு என்னைக் கண்டால் இடுப்பைக் கிள்ளிச் சிரிக்கிற அத்தை இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், எது கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறாள் என்பதுதான்.

ஒரு வாரம் கெஞ்சிய பிறகு அவள் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை வெள்ளரிப்பிஞ்சு. அதைக் கேட்டு அம்மாவின் முகம் செத்துவிட்டது. வெள்ளரி பங்குனி, சித்திரையில் காவிரி மணலில் காய்க்கிற பண்டம். மோகனூர்ப் பக்கமிருந்து கூடை கூடையாக வரும்போது நாங்கள் ஆடுகளுக்குக்கூடப் போடுவோம். கார்த்திகையில் அதை எங்கே போய்த் தேடுவது? அம்மா நெல்லிக்காய் கொடுத்துப் பார்த்தாள், புளியம்பிஞ்சு கொடுத்துப் பார்த்தாள். அத்தை தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது சித்தப்பா வாயைத் திறந்தார். அவர் அத்தைக்கு நேர் மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். தறியில் உட்கார்ந்தால் ஊரில் யாரும் அவர் கைக்கு ஈடு கிடையாது. உட்கார்வதுதான் அபூர்வம். துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் விற்கப் போவது என்றால் மட்டும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் கண்ணாடியாலேயே ஒரு வீடு கட்டி, பல் கிட்டுகிற குளிரில் உள்ளே பூச்செடி வளர்ப்பதைப் பார்த்திருக்கிறாராம். கண்ணாடி வெயிலை உள்ளே விடுமாம், விட்ட வெயிலை வெளியே போக விடாதாம். அப்படி ஒன்று கட்டினால் மார்கழியிலும் வெள்ளரி காய்க்கும் என்றார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "கண்ணாடிக்கு எங்கடா போவ?"

"அது எப்பிடியோ கொண்டாரேனுங்ணா. நீங்க வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

மூன்றாம் நாள் சேலத்து பஸ்ஸின் தலையில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. சேலத்தில் ஒரு போட்டோக் கடையை மூடுகிறார்களாம். படம் எடுத்து முடித்த பழைய கண்ணாடித் தகடுகளைக் குப்பையில் கொட்டப் போனவரிடம் சித்தப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் இருக்கும். நான் ஆசையாக ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். கண்ணாடிக்குள் கன்னங்கரேல் என்று முகமும், வெள்ளை வெளேர் என்று தலைமயிருமாக ஒரு குடும்பமே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேய் இல்லை, படம் இப்படித்தான் முதலில் விழும், பிறகுதான் அதைத் திருப்பிக் காகிதத்தில் போடுவார்கள் என்று சித்தப்பா விளக்கினார். நூலுக்குப் போடுகிற சோடாவைச் சுடுநீரில் கரைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தோம். மாப்பிள்ளைகளும் பெண்களும், பதக்கம் குத்திய தாசில்தார்களும் கரைந்து சாக்கடையில் ஓடினார்கள். ஒருவர் மட்டும் போக மறுத்தார். எத்தனை தேய்த்தாலும் அவருடைய வெள்ளை மீசையும் இரண்டு கண்களும் அப்படியே இருந்தன. போகட்டும், காவலுக்கு ஒருவர் வேண்டாமா என்று சித்தப்பா அவரையும் நல்ல தகடுகளோடு சேர்த்துவிட்டார்.

சட்டத்துக்கு மரம் வேண்டும். கொல்லையில் கரையான் அரித்த பழைய தறி ஒன்று சாத்தியிருந்தது. அதை என்றைக்காவது சரி செய்வதாக அப்பா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து சித்தப்பா அதில் ரம்பத்தை வைத்துவிட்டார். அப்பா திரும்பி வந்து பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. இரண்டு நாள் தம்பியோடு பேச்சே இல்லை. உப்பு வேண்டுமானாலும் என்னைக் கேட்டு, நான் சித்தப்பாவைக் கேட்டு, இப்படித்தான் சாப்பாடு நடந்தது.

அந்தச் சட்டத்தில் சித்தப்பா, தறிக்குப் பாவு நூல் இழுப்பது போலக் குறுக்கும் நெடுக்கும் முறுக்கு நூலை இழுத்துக் கட்டி, தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினார். இடுக்குகளை அடைக்கக் கஞ்சி. நெசவாளி வீட்டில் எதை ஒட்டுவதென்றாலும் கஞ்சிதான். கிழிந்த புத்தகத்துக்கும் பட்டத்துக்கும் எங்களுக்கு வேறு பசை தெரியாது. அம்மா பாவுக்கு வைத்த கஞ்சியில் பாதியைக் கேட்டு வாங்கி, பழைய நூலை அதில் முக்கி, எறும்புகூடப் புகாதபடி அடைத்துவிட்டதாக நானும் சித்தப்பாவும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

எறும்பு புகவில்லை. எறும்பு தின்றது. விடிய விடியப் பெய்த பனியில் கஞ்சி இளகி, பாதித் தகடுகள் வழுக்கிக் கீழே கிடந்தன. மிச்சமிருந்த கஞ்சியைப் பக்கத்து வீட்டு வெள்ளாடு பொறுமையாக நக்கிக்கொண்டிருந்தது. ஊர் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுச் சிரித்தது. பசிக்கிற ஆட்டுக்கெல்லாம் இவர் வீடு கட்டித் தருகிறார் என்று, தெருக்காரர்கள் கூடிப் பாவு நீட்டுகிற பாவடியில் பேச்சு. அன்றைக்குத்தான் அப்பா வாய் திறந்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் தண்ணீருக்கு அசையாது, இது தெரியாமல் ஒரு தறியை அறுத்தானே என்று என்னிடம் சொன்னார். நான் போய் அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

இந்தத் தடவை வீடு நின்றது. உயரம் என் நெஞ்சளவு. உள்ளே தவழ்ந்து போக என் ஒருத்தியால்தான் முடியும். ஆகவே தோட்டக்காரி நானே. போன சித்திரையில் அம்மா சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதைகளை எருவோடு ஊன்றினேன். வெளியே கொல்லிமலைப் பக்கத்துக் காற்று உடம்பைக் கிழிக்கும். உள்ளே சித்திரை மாதம் போலக் கதகதவென்று இருக்கும். ஐந்தாம் நாள் மண் வெடித்து முளை எட்டிப் பார்த்தது. நான் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்க, அம்மா பதறி, மெல்ல மெல்ல என்று பின்னால் வந்தாள்.

அத்தை குனிந்து கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் நான் கூப்பிடாமலே வந்தாள். அதன் பிறகு தினமும் காலையில் கொல்லையில் கவிழ்த்துப் போட்ட உரல் அவளுடைய ஆசனமாயிற்று. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இலைகளை எண்ணுவாள். நேற்று ஏழு, இன்றைக்கு ஒன்பது. எண்ணுகிற மும்முரத்தில் கிண்ணம் காலியாகிவிடும். சாயங்காலம் தகடுகள் மேல் யாரோ சாக்குப் போர்த்துவதைக் கவனித்தேன். ஒளிந்திருந்து பார்த்தால், அப்பா. என்னைக் கண்டதும் சாக்கை உலர்த்த வந்தது போல உதறிவிட்டுப் போனார்.

மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகமளவு பிஞ்சு. ஊர் வாயை மூடிக்கொண்டது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நாலே நாளில் பிஞ்சுகள் பழுத்து உதிரத் தொடங்கின. ஒன்று கூடத் தங்கவில்லை. உள்ளே தவழ்ந்து போய் நான் பொறுக்கிவந்ததில் ஒன்றை அத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சித்தப்பா எருவை மாற்றினார், தண்ணீரைக் குறைத்தார், கூட்டினார். இரவும் பகலும் அந்த வீட்டையே சுற்றிவந்தார்.

நான் யோசித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, வெயில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அப்புறம் ஏன் பிஞ்சு உதிர வேண்டும்? உள்ளே தவழ்ந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். மேலேயிருந்து மீசைக்காரர் கண்ணைக் கொட்டாமல் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணேறு! ராப்பகலாக இப்படி ஒரு மனிதர் வெறித்துப் பார்த்தால் எந்தப் பிஞ்சுதான் தங்கும்? யாரையும் கேட்காமல் அரிவாள்மணையின் முனையால் குங்கிலியத்தைச் சுரண்டி, அவரைப் பெயர்த்தெடுத்து, முகம் மண்ணில் படும்படி வேலியோரம் கவிழ்த்து வைத்தேன். கண்ணாடி வீட்டில் ஒரு சாண் ஓட்டை விழுந்தது. அடி விழும் என்று அதன் பிறகு சித்தப்பாவின் கண்ணில் படாமல் இருந்தேன்.

மூன்று நாள் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். அடிக்கவில்லை. கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார். ஓட்டைக்கு நேர் கீழே இருந்த இரண்டு பிஞ்சுகள் பச்சையாக, விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. மற்ற இடத்தில் எல்லாம் உதிர்ந்து கிடந்தது. ஓட்டை வழியாக இரண்டு தேனீக்கள் உள்ளே போய்ப் பூவுக்குப் பூ உட்கார்ந்து திரும்பி வந்தன. சித்தப்பா அதை வெகுநேரம் பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். மீசைக்காரரின் கண்ணேறு பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரு அஞ்சாறு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க சாமி. அவங்களையும் எடுத்துப் போடலாம்."

மேலும் ஆறு தகடுகளை எடுத்தோம். அவற்றில் முகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு என்னைவிடக் கண் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன். பகலில் திறப்போம், சாயங்காலம் சாக்குப் போட்டு மூடுவோம். அதன் பிறகு உதிரவே இல்லை. நான் அத்தையின் கட்டிலருகே போய், பிஞ்சு நின்றுவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. எழுந்து வந்து பார்த்தாள். உரலில் உட்கார்ந்து மறுபடி எண்ணினாள். ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்தாவதை எண்ணும்போது அவள் கை தன் வயிற்றுக்குப் போனது.

தை பிறந்த மூன்றாம் நாள் அறுவடை. தெருவே எங்கள் கொல்லையில் நின்றது. வெள்ளாட்டுக்காரி முதல் வரிசையில் இருந்தாள். நான் உள்ளே தவழ்ந்து போய்ப் பதினோரு பிஞ்சுகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு, ஒரு ராஜாவைப் போல வெளியே வந்தேன். ராஜா யாரும் தவழ்ந்து வந்ததில்லை என்பது அன்றைக்குத் தோன்றவில்லை. அப்பா தானே உப்பும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வந்தார். தையில் வெள்ளரிப்பிஞ்சு தின்றவள் இந்த ஜில்லாவிலேயே என் தங்கச்சி ஒருத்திதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அறுத்த தறியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை.

அத்தை ஒரு பிஞ்சை உப்பில் தொட்டுக் கடித்தாள். நறுக்கென்ற அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் மென்று விழுங்கிவிட்டு அடுத்ததைக் கேட்டாள். அது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஆனியில் ஆண் குழந்தை பிறந்தது. ஓடிப்போய் முதலில் பார்த்தது அவன் காதுகளைத்தான். இரண்டும் சங்கு போலச் சுத்தமாக இருந்தன. ஒரு வருடம் கழித்து, சித்தப்பாவின் மடியில் உட்கார வைத்து அந்தக் காதுகளைக் குத்தியபோது, அவற்றை நான்தான் காப்பாற்றினேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

பத்து வருடம் கழித்து எனக்கே மசக்கை வந்தபோது, அத்தை என்னைப் பார்க்க வந்தாள். பழைய கதையை எடுத்துப் பெருமையடித்தேன். அவள் சிரித்தாள்.

"வெதை மொளைக்கறதுக்கு முன்னாலயே அந்த ஆசை போயிருச்சு சாமி. அப்புறம் வெள்ளரின்னு நெனச்சாலே குமட்டும்."

பிறகு ஏன் தினமும் வந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்கு எத்தனை எலைன்னு பாக்கோணும்னா, நாளைக்கு இருக்கோணுமில்ல. அதுக்குத்தான். உங்க சித்தப்பனுக்கும் அது தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கொல்லையில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு மென்றபோது, சித்தப்பா வேலிப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நின்றார். இத்தனை பாடுபட்டவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லையே, அந்த ஏக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. என் பங்குக்கு வந்த பாதிப் பிஞ்சில் கொஞ்சம் உப்பைத் தடவி, அவர் கையில் கொண்டுபோய் வைத்தேன்.