ஆர்வி கோர்ப்பியின் பயம்

1909ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு ஆர்வி கோர்ப்பியை முதன்முதலாகப் பார்த்தேன். கடல்மூட்டம் இன்னும் விலகவில்லை. தரையிலிருந்து பத்தடி உயரத்தில், ரெட்வுட் மரமொன்றில் செருகிய ஒரு சாண் அகலப் பலகையின்மேல் அவர் நின்றிருந்தார். முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கலிபோர்னியாவின் வடகரையிலிருந்த அந்த மரவெட்டு முகாமுக்கு நான் மர அளவுக்காரனாக வந்து அன்று இரண்டாம் நாள்.

“இருபது வருஷமா இவன் இப்பிடித்தான், அளவுக்காரரே,” என்றான் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்திருந்த மத்தேயோ. “மரம் முதல்ல விழுமா, இவன் முதல்ல விழுவானான்னு நாங்க பந்தயமே கட்டுவோம்.”

“விழுந்தா உன் தலைமேலதான்டா விழுவேன்,” என்றார் கோர்ப்பி.

அவர் பதினெட்டு வயதில் பின்லாந்திலிருந்து வந்தவர். வந்த இரண்டாம் மாதம், மேலே சிக்கியிருந்த காய்ந்த கிளையொன்று ஓசையின்றி இறங்கி, மரத்தடியில் உண்டுகொண்டிருந்த அவருடைய அண்ணனைக் கொன்றது. அன்றுமுதல் கோர்ப்பி தம் கறுப்பு ரொட்டியை வெட்டவெளியில் நின்றபடியே தின்றார். சனிக்கிழமை நீராவிக் குளியலில் மட்டுமே அவருடைய தோள்கள் தளர்ந்திருக்கக் கண்டேன். வேறு வேலைக்குப் போகக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆலைக்குப் போகச் சொல்றீங்களா? அங்க ரம்பம் தானாச் சுத்துதுங்க. அது இன்னும் பயம்.”

இத்தனைக்கும் அவர்தாம் வெட்டுக்காரர்களின் தலைவர். ரெட்வுட் முரட்டு மரம் போலத் தோன்றும். கடுந்தரையில் விழுந்தால் பீங்கான்போல நொறுங்கும். ஆகவே அது விழவேண்டிய வழி நெடுக மண்ணும் தழையும் கொட்டிப் படுக்கை போடுவார்கள். படுக்கையின் நீளத்தை மரத்தின் உயரம் முடிவு செய்யும். உயரத்தை அளந்து சொல்வது என் பொறுப்பு.

ஆகஸ்டில் பதினாறடி குறுக்களவுள்ள மரமொன்று வெட்டுக்கு வந்தது. மேட்டில் நின்று அளந்த நான், என் காலுக்குக் கீழே சரிவில் இருந்த அடிமரத்தைக் கூட்டிக்கொள்ள மறந்தேன். இருநூற்றெண்பது அடி என்றேன். நான்கு நாள் உழைத்து அந்த அளவுக்கே மேட்டை நோக்கிப் படுக்கை போட்டார்கள்.

மரத்தைச் சாய்க்க ரம்ப வெட்டில் கடைசி ஆப்பை அடிக்குமுன் வெட்டுக்காரர் குரல் கொடுப்பார். காட்டிலுள்ள ஒவ்வொருவரும் தத்தம் பெயரைச் சொல்லிப் பதிலளிக்க வேண்டும். படுக்கைக்கு இருபதடி அப்பால், மரத்தின் முனை உடைகிறதா என்று பார்க்க ஒரு பாறைமேல் நின்றிருந்த நானும் என் பெயரைச் சொன்னேன். ஆப்பு அடிபடவில்லை.

“அளவுக்காரரே, தள்ளிப் போங்க!” என்று கோர்ப்பி கத்தினார்.

“அளந்துதான் நிக்கிறேன்!”

“எனக்குப் பயமா இருக்குங்க! பக்கவாட்டுல ஓடுங்க!”

“பொறந்ததுலேருந்தே உனக்குப் பயம்தானடா! அடி, காத்து ஏறுது!” என்று மத்தேயோ அலறினான். மரத்துக்குள் ஏதோ முறிந்தது. மத்தேயோ பலகையிலிருந்து குதித்து ஓடினான். கோர்ப்பி மட்டும் இறங்கவில்லை. கையை வீசி வீசி என்னையே விரட்டினார். அதைக் கண்ட பின்னரே எனக்கும் பயம் வந்தது. ஓடினேன். எத்தனை அடி ஓடினேன் என்று தெரியாது. வானம் சாய்ந்து வருவதுபோல நிழலொன்று முதுகைத் தொட்டது; பிறகு காற்று என்னைக் குப்புறத் தள்ளியது.

எழுந்து திரும்பினேன். நான் நின்றிருந்த பாறையின்மேல் மரத்தின் உச்சி சிதறிக் கிடந்தது. முறிவு அங்கிருந்து தண்டின் நடுவரை ஓடியிருந்தது. கோர்ப்பி அடிக்கட்டைக்குப் பின்னால் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றேன்.

“உச்சியைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன். மர உயரத்துக்கு அப்பால நிக்கிற ஆளு அத்தனை பெரிசாத் தெரியக்கூடாதுங்க.”

மாலையில் மேஸ்திரி எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்: “படுக்கை நீளத்தை முடிவு பண்ணினது யாரு?”

மரம் சாய்ந்தபோது இருந்த பயம் இந்தப் பயத்தின்முன் ஒன்றுமில்லை.

“நான்தான்,” என்றார் கோர்ப்பி.

மறுநாள் தலைமை மத்தேயோவுக்குப் போயிற்று. கோர்ப்பி அவனுக்குக் கீழே ரம்பம் இழுத்தார், பதினோராண்டுகள். உண்மையைச் சொல்லும்படி அவர் கேட்டிருந்தால் மேஸ்திரியிடம் சொல்லியிருப்பேன் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அவர் எதிரே வரும்போது, இன்று கேட்டுவிடுவாரோ என்று அஞ்சினேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை.