தெருக்கோடியில் சூரியன்

“இந்த ஆத்துல சாம்பாருக்கு உப்புப் போட ஆளில்லை, சூரியனை வரவேற்க மட்டும் ஆள் இருக்கு!”

நேற்று என் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னது இது. நான் கேட்டது பெரிய வரமில்லை. மார்ச் இருபத்தொன்று காலையில் என்னோடு ஐந்து நிமிஷம் வாசலில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இல்லத்தரசி உத்தியோகத்தில் பண்டிகை என்றால் நாலு பாத்திரம் அதிகம் தேய்ப்பது என்று அர்த்தம்; உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் பட்சணமே தேவைப்படாத பண்டிகை ஒன்றை எனக்கென்று வைத்திருக்கிறேன். பகலும் இரவும் சரிசமமாகி வசந்தம் வருகிற நாள். கான்வென்ட்டில் பூகோளம் நடத்திய சிஸ்டர் சொல்லித் தந்தது. மயிலாப்பூரில் வசந்தமா என்று சிரிக்காதீர்கள்; எங்கள் கொல்லை வேப்பமரத்தைக் கேளுங்கள்.

கீரைக்கட்டுக்குள் ஒன்று

அன்றைக்கு முட்டையைச் செங்குத்தாக வைத்தால் நிற்கும் என்றும் சிஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பூண்டுக்கே தடை. ஒரு வருஷம் கீரைக்கார அஞ்சலைதான் முளைக்கீரைக் கட்டுக்குள் ஒளித்து ஒரு முட்டை கொண்டுவந்தாள். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். தலையிலும் தோளிலும் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. எத்தனையாவது தடவையோ, கையை எடுத்தேன். நின்றது! இருவரும் மூச்சுவிடவில்லை. அப்போது பார்த்து வாசலில் இவருடைய சைக்கிள் மணி.

“முட்டை நின்னுக்கினு கீதும்மா. ஐயரு வந்தா நீ நிப்பியா?” என்றாள் அஞ்சலை.

சரிபாதி

இன்னொரு வருஷம், பகலும் இரவும் சமமென்றால் அடுப்படியும் சமம் என்று சட்டம் போட்டேன். காலைக் காப்பி அவர் பொறுப்பு. கணக்கு வாத்தியார் அல்லவா, வெந்நீரை டம்ளரால் அளந்து ஊற்றினார். நான் ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் கலக்கும் காப்பியின் வாசனையைக் கனாக் கண்டுகொண்டிருந்தேன். அரைமணி ஆயிற்று. போய்ப் பார்த்தால், பொடியை ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் போட்டு, மேலே வெறும் வெந்நீரை ஊற்றியிருக்கிறார்.

“மேல எது கீழ எதுன்னு ஃபில்டர்லயே எழுதியிருக்க வேண்டாமோ?”

கொம்புக்கு நடுவில்

எங்கள் தெரு கடலைப் பார்க்க நேர் கிழக்கே போகிறது. மற்ற நாட்களில் சூரியன் எந்த வீட்டு மாடிக்குப் பின்னாலிருந்தோ எழுந்து வரும். இந்தச் சமயத்தில் மட்டும் தெருக்கோடியில், நட்டநடுவில். முதல்முறை பார்த்தபோது கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தெரு நடுவே நின்றுவிட்டேன். விரலிடுக்கில் மாவு ஒழுகியது. வீடுகள், விளக்குக் கம்பங்கள் எல்லாமே அந்தச் சிவப்பில் கரைந்துபோயின. அதற்குள்ளிருந்து பால்காரர் எருமையோடு நடந்து வந்தார். வழியை மறிக்கிறேன் என்று திட்டப்போகிறார் என்று பார்த்தால், அவரும் திரும்பி நின்றுவிட்டார்.

“தெனம் வர்ற சூரியந்தாம்மா. இன்னிக்கு நம்ம எருமை கொம்புக்கு நடுவுல குந்திக்கினு கீது.”

இன்று காலை

சாம்பாருக்கு உப்பை முதலிலேயே போட்டுவிட்டேன். அந்தச் சாக்கு இனி செல்லாது. இவர் ஹாலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். தெருக்கோடி சிவந்தது. கூப்பிட்டேன். சிவப்புப் பென்சில் கீறுகிற சத்தம்தான் வந்தது. பதினோரு வருஷமாகத் தனியாகவே பார்க்கிறேன். முட்டையை நிறுத்தத் தெரிந்த எனக்கு ஒரு மனுஷரை வாசலில் நிறுத்தத் தெரியவில்லை.

“ஏன்னா, பேப்பர் எங்கேயும் ஓடிப்போயிடாது. அது மேலே ஏறிடறதுக்குள்ள ஒரே ஒரு நிமிஷம் வாங்கோளேன்!”