மாதாவை ஒளித்து வைத்தவன்

எங்கள் ஊரில் என்னைத் தைரியசாலி என்பார்கள். வாத்துக் கூட்டம் எதிரே வந்தால் வேலி தாண்டிக் குதிக்கிற கிரிகரி பாஸ்க் நான்தான். நான் கோயில் பொறுப்பாளர் ஆனதுகூடத் தைரியத்தால் அல்ல. ஆள் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவன் தலையில் கட்டிவிட்டார்கள். மறுக்க வாய் வரவில்லை. அன்றிலிருந்து மெழுகுவர்த்தி, மணிக்கயிறு, ஒழுகும் ஈயக்கூரை எல்லாம் என் பாடு.

ஒன்பது வயதுச் சின்ன ராஜா பட்டத்துக்கு வந்த மறுவருஷம், சிலை வணக்கம் பாவம், கோயில்களில் ஒரு சுரூபமும் படமும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வடக்குச் சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபர் ஓவியத்துக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். அவர் காலடியில் நீந்திய மீன்களைக்கூட விட்டுவைக்கவில்லை. உத்தரவுக்கு அவ்வளவு பயம் எனக்கு.

மிச்சமிருந்தது கோயில் நடுவளைவின் குறுக்கே போகும் மர உத்தரம். ஜனங்கள் நிற்கும் பக்கத்துக்கும் பீடத்துக்கும் நடுவே, அந்த உத்தரத்தின் மேல் சிலுவையில் பாடுபட்ட ஆண்டவர். ஒரு பக்கம் யோவான், மறுபக்கம் மாதா. இடுப்பு உயரம், ஓக் மரம், நீல முக்காடு, அழுகிற முகம். திங்கட்கிழமை ராஜாவின் ஆட்கள் ரம்பத்தோடு வருகிறார்கள் என்று சேதி வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்ரி ஃபிஞ்ச் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பிள்ளைகளை ஒரே வாரத்தில் கொள்ளைநோய்க்குக் கொடுத்த விதவை. அதற்கப்புறம் அவள் மனம்விட்டுப் பேசியது அந்த மாதாவிடம் மட்டும்தான்.

"புள்ளையப் பறிகொடுத்தவ கஷ்டம் அவளுக்குத்தான்யா தெரியும். அறுக்க விட்டுடாத கிரிகரி. எங்கயாச்சும் கொண்டுபோய் வை."

முடியாது என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டுமே. வைக்கோல் வண்டிக்குள் மாதாவைப் புதைத்து என் களஞ்சியத்தில் கொண்டுபோய் மறைத்தேன். ஊர் என்னைச் சிங்கம் என்று காதோடு காதாகப் புகழ்ந்தது. சிங்கத்துக்கு மூன்று மாதம் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், கறுப்புத் தொப்பியும் தோல்பையுமாக ஒரு குதிரைக்காரன் வாசலில் வந்து நின்று, "கிரிகரி பாஸ்க் வீடு இதுதானா?" என்றான். அவ்வளவுதான். கால் பிடரியில் அடிக்கப் பின்பக்கம் ஓடினேன். கோடரியை எடுத்து மாதாவைப் பிளந்து ரொட்டி அடுப்பில் திணித்துப் பற்றவைத்தேன். கடைசித் துண்டு சாம்பலாகிற வரை நகரவில்லை. பிறகு, ஒன்றும் அறியாத முகத்தோடு வாசலுக்கு வந்தேன். அந்த ஆள் கல்லில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"ஆட்டு ரோமம் நல்லதா இருக்குன்னு சொன்னாங்க. விக்கிறீங்களா?" என்றான்.

அடுப்பு வீணாகச் சூடாகக் கிடக்கிறதே என்று என் மனைவி மாவு பிசைந்து அதில் ரொட்டி போட்டாள். எரிந்தது பழைய வேலிக்கால் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். ரொட்டியை நானும் தின்றேன். நன்றாகவே வெந்திருந்தது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம். ஒவ்வொரு மாதா திருநாளுக்கும் ஆட்ரி என் வேலியோரம் வந்து நிற்பாள்.

"மாதா சௌக்கியமா?"

"சௌக்கியம்மா. வைக்கோல்ல கதகதப்பா இருக்காங்க."

"ஒரு தடவ பாத்துக்கட்டுமா?"

"ஆள் நடமாட்டம் தெரிஞ்சா ஆபத்தும்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். வெட்கம் கெட்டவன் நான், சாப்பிடப் போவேன்.

இந்த வருஷம் சின்ன ராஜா இறந்துபோனார். அவருடைய அக்கா ராணியானார். எல்லாம் பழையபடி என்றார்கள். எங்கள் சாமியார் அம்ப்ரோஸ் பூசையில் அறிவித்தார்: "எடுத்துட்டுப் போனதையெல்லாம் அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. கேள்வி கேக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஹாப்கின், கோயில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியைத் தூக்கிவந்தான். ஐந்து வருஷமாக அதில் அவன் பன்றி குடித்திருந்தது. "கழுவிட்டேன் சாமி. ரெண்டு தடவ," என்றான். பீடத்துத் தடுப்பின் கதவு யார் வீட்டுக் கோழிக்கூண்டிலிருந்தோ எச்சத்தோடு வந்து சேர்ந்தது. சாமியார் சொன்னபடி கேள்வி கேட்கவில்லை, மூக்கை மட்டும் பொத்திக்கொண்டார். பிறகு எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

ஆட்ரி முன்னால் நின்றாள், கையில் துவைத்த வெள்ளைத் துணியோடு. மாதாவைப் போர்த்திக் கொண்டுவர.

வழியெல்லாம் மூன்று பொய் தயார் செய்து வந்திருந்தேன்: திருடன், எலி, இடி. அந்தத் துணியைப் பார்த்ததும் மூன்றும் மறந்துபோயின.

"எரிச்சுட்டேன்மா," என்றேன். "ரோமம் வாங்க வந்தவன ராஜா ஆளுன்னு நெனச்சு, பயந்துபோய் அடுப்புல வச்சுட்டேன். மூணே மாசத்துல. அப்புறம் சொன்னதெல்லாம் பொய்."

"வியாபாரியப் பாத்தாண்ணே பயந்தீங்க?" என்று சிரிக்க ஆரம்பித்த ஹாப்கின், ஆட்ரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ரொட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஆட்ரி என்னைப் பார்த்தபடியே கேட்டாள்: "முழுசாவா?"

"முழுசா."

"எரியறப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

"கடைசி வரைக்கும் இருந்தேன். பக்தியில இல்லம்மா. அரைகுறையா எரிஞ்ச முகத்த யாராச்சும் பாத்துட்டா மாட்டிக்குவேனேன்னு பயந்துதான் நின்னேன்."

அவள் துணியை மெதுவாக நாலாக மடித்தாள்.

"பயந்துகிட்டாவது நின்னியே. என் புள்ளைங்க போறப்ப, நோய் ஒட்டிக்கும்னு என்னக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. மூணும் தனியாத்தான் போச்சுங்க."

ஊர் முழுக்கப் பார்க்க, பன்றித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஆட்ரி அந்த வெள்ளைத் துணியை என் கையில் கொடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.