எக்ஸ்ரே நாதனின் பீலூமா

ஈரம் சொட்டும் எக்ஸ்ரே படத்தைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இது ராஜாவுக்கு ஆவாது, குதிரைக்கு ஆவும்" என்கிறார் அமிர்தநாதன். யாரோ ஒருவருடைய தோள்பட்டை அது. எலும்பு கூடிவிட்டது, டாக்டர் பார்த்தாயிற்று, படம் குப்பைக்கு வந்துவிட்டது. குப்பைக்கு வந்த படமெல்லாம் அமிர்தநாதனுக்குச் சொத்து. கத்தரிக்கோலை எடுத்தால் தோள்பட்டை குதிரையாகிவிடும். பழைய குடைக்கம்பி ஒன்றைக் கட்டினால் குதிரை ஓடவும் செய்யும்.

ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருடமாக உதவியாள். இருட்டறையில் படம் கழுவுவதுதான் வேலை. விரலில் ஏறிய மருந்து வாடை எந்தச் சோப்புக்கும் போகாது. "கொழம்புல உப்புப் பாக்கக்கூட இவுக வெரல வுடக் கூடாது" என்பார் மனைவி தெரேசா. நாலு பேரைப் பார்த்துப் பேசுகிற வேலையில்லை என்பதால் மனிதர்களின் முகமும் பெயரும் அவருக்கு மனத்தில் நிற்பதில்லை. எலும்பு நிற்கும். மொகல் தெருவில் நொண்டாமல் போகிற ஒருவரை மறித்து, "அண்ணே, நீங்க எடது முட்டிதானே? சொகமா?" என்று கேட்டுவிடுவார். அந்த மனிதர் திருதிருவென்று விழிப்பார்.

மிஷன் பள்ளியில் படித்த காலத்தில், கிறிஸ்துமஸ் தோறும் துரைசாணி டீச்சர் ஒருத்தி வேட்டித் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து, காகித பொம்மைகளை ஆட்டிக் காட்டுவாளாம். அதற்கு 'கேலன்டி ஷோ' என்று பெயர் சொல்வாளாம். அமிர்தநாதன் அந்தப் பெயரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எலும்பு முறிவு வார்டில் சன்னல்களைச் சாத்தி, இரண்டு குளுக்கோஸ் கம்பங்களுக்கு நடுவே படுக்கை விரிப்பைக் கட்டி, பின்னால் பல்பைப் போட்டால் அதுதான் இவருடைய கேலன்டி ஷோ. தீப்பிடிக்கிற காட்சிக்கு இருட்டறைச் சிவப்பு பல்பு வரும். வார்டுக்காரர்களுக்கு இது வெறும் 'நாதன் படம்'. பர்மியம் பாதி, தமிழ் பாதி. புரியாத பாதிக்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். வாரம் முழுவதும் இருட்டில் தனியாகக் கிடக்கிற மனிதருக்கு அந்தச் சிரிப்புதான் சம்பளத்துக்கு மேலே கிடைக்கிற சம்பளம்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. புது மேட்ரனுக்கு 'டோ மியா தான்' என்று பெயர்; கண்டிப்பானவர். சிரித்துக் குலுங்கினால் கூடிய எலும்பு விலகும் என்பது அவர் கட்சி. "இந்த ஞாயிறு நானே வந்து உட்காருவேன். யாராவது ஆடினாலோ சத்தம் போட்டாலோ, அதோடு சரி" என்று பர்மியத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். அமிர்தநாதனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏழு வாரமாகக் காலில் எடைக்கல் தொங்கக் கிடக்கும் வேலம்மாதான் தைரியம் சொன்னாள்: "நாங்க போர்வைய வாயில அடைச்சிக்கிறோம் தம்பி. நீங்க ஆட்டுங்க."

அன்றைக்கு பீலூமா கதை. பீலூமா என்றால் பர்மியப் பூதகி. ஊரில் விற்கிற மொகிங்கா மீன்சாற்றை எல்லாம் பானையோடு குடித்துவிடுகிறவள். பூதகிக்கு எலும்பு தெரிந்தால்தான் அழகு என்று, படத்தை வழக்கம்போல் சோடா வெந்நீரில் போட்டு வெளுத்துச் சாயம் பூசாமல் அப்படியே வெட்டியிருந்தார். கறுத்த வயிற்றில் வெள்ளை வெளேரென்று ஐந்து விரல் எலும்பு. பானை பானையாக அவள் குடிக்கக் குடிக்க, முன்னால் நாற்காலியில் மேட்ரன் உட்கார்ந்திருக்க, வார்டு போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

கடைசியில் மொகிங்காக்காரி அகப்பையோடு விரட்ட, பீலூமா திரும்பி ஓட வேண்டும். கம்பியைச் சுழற்றி மறுபக்கம் திருப்பினார். அதுவரை இடவலம் மாறிக் கிடந்த ஏதோ கிறுக்கல், அவளுடைய பாவாடைக் கரையில் நேராகி, பளிச்சென்று எரிந்தது. கை ஒடிந்த பர்மியக் கிழவர் ஒருவர், படிக்கத் தெரிந்த சந்தோஷத்தில், உரக்கப் படித்துவிட்டார்: "டோ... மியா... தான்!"

வேலையில் சேர்ந்த புதிதில், போன மழையில், வராந்தாவில் வழுக்கிய மேட்ரனின் கால் அது. எலும்பைப் பார்த்த மனிதர் மூலையிலிருந்த பெயரைப் பார்க்கவில்லை. முதலில் வெடித்தவள் வேலம்மா. பிறகு வார்டே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. எடைக்கற்கள் கடகடவென்று ஆடின.

திரைக்குப் பின்னால் மேட்ரனின் செருப்புச் சத்தம் வந்தது. அமிர்தநாதன் பீலூமாவைப் பிடித்தபடியே எழுந்து நின்றார்.

"என் காலா இது?"

"ஆமா சயாமா" என்றார், 'அம்மா' என்கிற பர்மிய மரியாதையில், தலையைக் குனிந்துகொண்டு. பயத்திலும் தொழில் விடவில்லை. "நல்லாக் கூடியிருக்கு, சயாமா."

மேட்ரன் திரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் வேலம்மா இன்னும் அடங்கவில்லை. ஏழு வாரத்தில் அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. மேட்ரனின் உதடு ஒரு பக்கமாகக் கோணிற்று.

"நான் இப்படியா ஓடுவேன்? கொடு இங்கே."

அமிர்தநாதன் பீலூமாவின் குடைக்கம்பியை லுங்கியில் அவசரமாகத் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.