வர மறுத்த பிடிமண்

எனக்குச் சாமியாட்டம், பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. இருபது வருஷமாக ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவன், கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்குக் கிழக்கே எங்கள் ஊர். கண்மாயை ஒட்டி ஒரு சின்னக் குன்று, அதன் அடியில் கருப்பசாமியின் கோயில்காடு. செருப்போடு நுழைய மாட்டோம், விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட எடுத்து வர மாட்டோம். மரம், பாறை, ஓணான் எல்லாம் அவருடையது, எங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை. அந்தக் குன்றைக் கல் குவாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனோம். கடைசியில் குவாரிக்காரர்களே, பிடிமண் எடுத்துச் சாமியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கோயில் மண்ணில் ஒரு பிடி கொண்டுபோய் வைத்தால் சாமி அங்கே வந்துவிடும் என்பது எங்கள் வழக்கம். மண் எடுக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு. சாமியையாவது காப்பாற்றுவோம் என்று, சாமி இடம் மாறிவிட்டதாக அவர்கள் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உச்சிவெயிலில் வலதுகையால் ஒரு பிடி செம்மண் அள்ளி, புதுத் துண்டில் மூன்று முடிச்சுப் போட்டு, மாட்டுத்தாவணி பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். மதுரைக்குள் பழங்காநத்தத்தில் என் மச்சான் வீட்டருகே பீடம் தயாராக இருந்தது. எல்லோர் முன்னாலும் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை.

"என்ன மாப்ள, வெறுந்துண்டக் கொண்டாந்துருக்க?" மச்சான் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தக் கையாலதான் அள்ளுனேன் மச்சான்."

அன்றே திரும்ப ஓடினேன். நான் தோண்டிய குழியைக் காணோம், சருகு கலையாமல் கிடந்தது. மறுபடி அள்ளினேன், மறுபடி வெறுந்துண்டு. மூன்றாம் முறை அழுதேவிட்டேன்.

"இங்கன இருந்தா ஒன்னைய ஒடச்சுப்புடுவாய்ங்கய்யா. வந்துருய்யா" என்று தரையைத் தட்டிக் கெஞ்சினேன். வரவில்லை.

சாமி போகவில்லை, அங்கேதான் இருக்கிறார் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சொன்னேன். என் கையெழுத்தைக் காட்டி, மாறிப்போனதாக நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள். மறுவாரமே வெடி வைத்தார்கள்.

நான் அந்தப் பக்கம் போய் இரண்டு வருஷமாகிறது. கடையில் வெள்ளைத்துணி விரிக்கவே பயமாக இருக்கிறது. குவாரியில் வெடி போடும் மதிய நேரம் வந்ததும் என் வலதுகை நகக்கண்ணில் செம்மண் ஏறிவிடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், ரத்தம் வரும்வரை நகத்தை ஒட்ட வெட்டுகிறேன். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்துவிடுகிறது, ஈரமாக.